ஜட்ஜ் கிராண்டல் கூண்டில் ஏறிய சனிக்கிழமை

லெமுவேல் கிராண்டல் ஜட்ஜாக இருந்த ஆறு வருஷத்தில் அவருடைய தீர்ப்பு ஒன்றைக்கூட மேல்கோர்ட் மாற்றியது கிடையாது. மார்லோ மாவட்டத்தில் இது எல்லாருக்கும் தெரியும். தெரியாத வெளியூர்க்காரன் யாராவது வந்து மாட்டிக்கொண்டால், அவன் குதிரையை விட்டு இறங்குவதற்குள் ஜட்ஜே அதைச் சொல்லி முடித்திருப்பார்.

மற்றபடி தங்கமான மனிதர். ஆறடி மூன்று அங்குலம், பெரிய காதுகள், எதையும் இடது கையால் செய்கிற வழக்கம். வெர்மான்ட் மலைப் பக்கத்தில் பதினொரு பிள்ளைகளில் ஏழாவதாகப் பிறந்தார். அந்த வீட்டில் ஏழாவது பிள்ளைக்கு ரொட்டியின் ஓரம்தான் கிடைக்கும் என்பதால் பத்தொன்பது வயதில் ஒரு கோடாலியும் ஒரு இலக்கணப் புத்தகமுமாகக் கிளம்பி இண்டியானாவுக்கு வந்து சேர்ந்தார். கோடை முழுக்க மரம் வெட்டினார். பனிக்காலத்தில் பள்ளிக்கூட வாத்தியார். வாத்தியாருக்கு அப்போது தனி வீடு கிடையாது, வாரத்துக்கு ஒரு வீடாகப் போய்த் தங்கிச் சாப்பிட வேண்டும். அமாஸ் ப்ரூயிட் வீட்டுக்கு ஒரு வாரத்துக்குப் போனவர் ஐந்து வாரம் இருந்தார். பாதையெல்லாம் பனி மூடிவிட்டது என்று காரணம் சொன்னார். அதே பாதையில் மற்றவர்கள் எல்லாம் மாவு அரைக்கப் போய் வந்துகொண்டுதான் இருந்தார்கள். அமாஸுக்குக் கெசையா என்று ஒரு மகள் இருந்தாள் என்பதை இங்கே சொல்லிவிட்டால் பனி எவ்வளவு ஆழம் என்பது புரிந்துவிடும்.

கல்யாணம் ஆன பிறகு சட்டம் படித்தார். படித்தார் என்றால், ஒரு வக்கீலிடம் இரண்டு புத்தகம் கடன் வாங்கி, ஏர் ஓட்டாத நாட்களில் வாசித்தார். பரீட்சை வைக்க வந்த வக்கீலின் குதிரை குளம்பில் கல் மாட்டி நொண்டிக்கொண்டிருந்தது. லெமுவேல் அதை எடுத்துவிட்டார். மூன்று கேள்வி கேட்டதாகவும் இரண்டுக்குப் பதில் தெரியாமல் விழித்ததாகவும் பேச்சு. ஆனால் குதிரை நன்றாக நடந்தது, லெமுவேலும் வக்கீலாகிவிட்டார்.

ஜட்ஜை ஜனங்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கலாம் என்று புதுச் சட்டம் வந்ததும் முதல் தேர்தலிலேயே ஜெயித்தார். ஐந்து மாவட்டம் அவருடைய வட்டாரம். வசந்தத்தில் ஒரு சுற்று, இலையுதிர்காலத்தில் ஒரு சுற்று. ஜட்ஜும் வக்கீல்களும் ஒன்றாகக் குதிரையில் போவார்கள். பகலெல்லாம் கோர்ட்டில் கழுத்தைப் பிடிக்காத குறையாகச் சண்டை போட்டுவிட்டு, விடுதிக்கு வந்தால் ஒரே மேஜையில் பன்றிக்கறி. கட்டில்கள் குறைவு, ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர். ஜட்ஜ் கிராண்டலின் குறட்டை ஐந்து மாவட்டத்திலும் பிரசித்தம் என்பதால், அன்றைக்குப் பெரிய கேஸில் தோற்ற வக்கீல்தான் அவரோடு படுக்க வேண்டும் என்று வக்கீல்கள் தங்களுக்குள் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார்கள். பெலேக் ஸ்வேன் என்ற கிழ வக்கீல் மட்டும் ஜெயித்தாலும் தோற்றாலும் சிரித்துக்கொண்டே போய்ப் படுப்பார். அவருக்குக் காது மந்தம்.

தன் தீர்ப்பை யாரும் மாற்றியதில்லை என்ற பெருமைக்கு அடுத்தபடியாக ஜட்ஜுக்கு இன்னொரு பெருமை உண்டு. மரம். கண்ணை மூடிக்கொண்டு பட்டையைத் தடவியே இன்ன மரம், இத்தனை வயது என்று சொல்லிவிடுவார். சாட்சி சொல்ல வந்தவனுடைய கைத்தடியை வாங்கிப் பார்த்து, "இது ஹிக்கரி இல்லப்பா, யாரோ ஒன்ன ஏமாத்திருக்கான்" என்று சொல்லிவிட்டுத்தான் சத்தியம் வாங்குவார்.

இந்த இரண்டு பெருமையும் ஒரே மரத்தில் போய் முட்டிக்கொண்டது 1858 செப்டம்பரில்.

டாம்சின் வெல்ச் என்று ஒரு விதவை. ஐம்பது வயது, ஒட்டின கன்னம், ஒட்டாத நாக்கு. அவள் வீட்டுக்குப் பின்னால் ஒரு ஊற்று உண்டு. ஆகஸ்ட் மாத வெயிலிலும் கையை வைத்தால் விரல் விறைக்கும். அதன் மேல் கல்லால் ஒரு கொட்டகை கட்டி, பால் குடங்களைத் தண்ணீரில் இறக்கி வைத்து, வெண்ணெய் எடுத்து ஊருக்குக் கொடுப்பாள். அவளுடைய பிழைப்பே அந்த ஊற்றுதான். அவளுக்கு வடக்கே ஜெரோட் ப்ளங்கெட்டின் மாட்டுப் பண்ணை. ப்ளங்கெட்டிடம் நாற்பது மாடு இருந்தது, ஊற்று இல்லை. ஆகவே எல்லை தெற்கே தள்ளி இருக்கிறது, ஊற்று என்னுடையது என்று கேஸ் போட்டான்.

எல்லையில் சர்க்கார் சர்வேயர் நட்ட கம்பம் எப்போதோ உளுத்துப் போய்விட்டது. ஆனால் சர்வேயர்கள் விவரமானவர்கள். கம்பம் போகும் என்று தெரிந்து, பக்கத்தில் இருக்கிற மரத்தில் பட்டையைச் செதுக்கிவிட்டு எழுத்து வெட்டி வைப்பார்கள். அதற்குச் சாட்சி மரம் என்று பெயர். இந்த எல்லைக்குச் சாட்சி மரம் ஒரு சர்க்கரை மேப்பிள், அதாவது சாற்றைக் காய்ச்சிச் சர்க்கரை எடுக்கிற மரம், என்று பழைய சர்வே குறிப்பில் இருந்தது. எத்தனையாவது மேப்பிள் என்பதில்தான் தகராறு. தூரம் எழுதியிருந்த இடத்தில் எலி கடித்துவிட்டது.

இரண்டு தரப்பும் ஜூரி வேண்டாம் என்றார்கள். மரம் பார்ப்பதில் ஜட்ஜை மிஞ்சிய ஜூரி எங்கே இருக்கிறது? அவரே போய்ப் பார்த்துச் சொல்லட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

புதன்கிழமை எல்லாரும் அங்கே போனார்கள். ப்ளங்கெட்டின் வக்கீல் தாடியஸ் ரூக். முப்பத்தாறு வயது, மஞ்சள் அரைக்கோட்டு, தலைமுடியில் எண்ணெய்க்குப் பதில் கரடிக் கொழுப்பு, குரல் மட்டும் தேன். அக்டோபர் தேர்தலில் ஜட்ஜ் பதவிக்குக் கிராண்டலை எதிர்த்து நிற்பவனும் அவன்தான். இதில் யாருக்கும் வித்தியாசமாக ஒன்றும் தோன்றவில்லை. சின்ன ஊர், யாராவது ஒருத்தர் நிற்க வேண்டுமே.

ஓடை வளைவில் ஒரு பெரிய மேப்பிள். இடுப்பு உயரத்தில் நீளமாக ஒரு பழைய தழும்பு, அதன் மேல் பட்டை வளர்ந்து உதடு மாதிரி மூடியிருந்தது. ஜட்ஜ் கையுறையைக் கழற்றிவிட்டு, குழந்தையின் காய்ச்சலைப் பார்ப்பது போலத் தடவினார்.

"பட்டையை வெட்டிப் பாத்துரலாமா ஜட்ஜ்?" என்றார் கூட வந்திருந்த பெலேக் ஸ்வேன். "உள்ள எழுத்து இருக்கும்."

"எதுக்கு நல்ல மரத்தக் கெடுக்கணும்? முப்பது வருஷத் தழும்பு. கோடாலியால போட்டது. தடவிப் பாத்தா தெரியாதா எனக்கு?"

பெலேக் காதில் கையை வைத்துக்கொண்டு, "என்னது?" என்றார். ஜட்ஜ் திரும்பச் சொல்லவில்லை.

வியாழக்கிழமை தீர்ப்பு. இந்த மரம்தான் சாட்சி மரம். எல்லை அதிலிருந்து நேர் மேற்கே போகும். அப்படிப் போனால் ஊற்றும் கொட்டகையும் ப்ளங்கெட்டுக்கு. அதோடு நிற்கவில்லை, கோடு டாம்சின் வீட்டுக்குள்ளும் புகுந்து வெளியே வந்தது. டாம்சின் எழுந்து நின்றாள்.

"ஒரு சந்தேகம் ஜட்ஜ். என் அடுப்பு கோட்டுக்குத் தெக்க இருக்கு, கட்டில் வடக்க இருக்கு. அப்ப நான் சமைக்கிறது என் வீட்ல, தூங்கறது ப்ளங்கெட் வீட்லயா?"

கோர்ட்டே சிரித்தது. ப்ளங்கெட்டின் பெண்டாட்டி மட்டும் சிரிக்கவில்லை. ஜட்ஜ் மேஜையைத் தட்டி, "வீட்டுச் சமாச்சாரத்துக்கு ஒரு மாசம் தவணை தரேன், உக்காருங்க மிஸஸ் வெல்ச்" என்றார். அவள் உட்காரவில்லை. வெளியே போய்விட்டாள். அவள் போகும்போது கதவை மெதுவாகச் சாத்தினாள் என்பது ஜட்ஜுக்கு என்னவோ போல் இருந்தது. அறைந்து சாத்துகிற ஜாதி அவள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜட்ஜ் வீட்டுக்கு வந்தார். கோர்ட்டிலிருந்து ஒன்பது மைல். அந்த மாவட்டத்தில் அமர்வு கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. மறுநாள் காலையில் கிளார்க் நடவடிக்கைப் புத்தகத்தை வாசிப்பார், ஜட்ஜ் கையெழுத்துப் போடுவார், பேனாவை வைத்ததும் அமர்வு முடிந்தது.

பொரித்த கோழி, சோள ரொட்டி, ஆப்பிள் களி. ஜட்ஜ் கோழிக் காலைக் கையில் பிடித்துக்கொண்டு மரம் கண்டுபிடித்த கதையை ஆரம்பத்திலிருந்து சொன்னார். கெசையா அவருடைய கதைகளை ஒரு காதால் கேட்பவள். இருபத்தொன்பது வருஷம் இரண்டு காதையும் கொடுத்தால் யார் தாங்குவார்கள்? நடுவில் திடீரென்று கரண்டியை வைத்தாள்.

"எந்த எடம்னு சொன்னீங்க?"

"ஓடை வளைவு. ஆட்டுத் தலை மாதிரி ஒரு பாறை இருக்கே, அதுக்கு இருபது அடி மேக்க."

"தழும்பு இடுப்பு ஒசரமா?"

"ஆமா."

"கெழக்க பாத்துதான இருக்கு? கொஞ்சம் சாய்வா?"

"நீ எப்ப போய்ப் பாத்த?"

"மிஸ்டர் கிராண்டல்," என்றாள் கெசையா. அவள் அப்படிக் கூப்பிட்டால் அவருக்குக் காது சிவக்கும். மற்ற நேரத்தில் அவர் லெம்தான். "அது சர்வேயர் வெட்டினது இல்ல. நீங்க வெட்டினது."

ஜட்ஜ் கோழியைத் தட்டில் வைத்தார்.

"எங்கப்பா சர்க்கரை காய்ச்சுற எடம் அதுதான். அப்ப அந்தப் பக்கம் பூரா காடு, யாருக்கும் சொந்தமில்ல. நீங்க எங்க வீட்ல பனி பனின்னு ஒக்காந்திருந்தீங்களே, அந்த மார்ச்சு மாசம். சாறு எடுக்க மரத்துல ஒரு வெட்டுப் போடுங்கன்னு எங்கப்பா சொன்னாரு. நீங்க முக்கால் மரத்த சாச்சுட்டீங்க. 'வாத்தியாரே, சாறு கேட்டேன், பலகை கேக்கல'ன்னு அவர் கத்தினது மறந்து போச்சா?"

"கத்தினது ஞாபகம் இருக்கு. ஆனா அது வேற மரம்."

"நான் வாளியோட பக்கத்துல நின்னேன். ஆட்டுத்தலைப் பாறைமேலதான் வாளிய வெச்சேன். பொம்பளைங்களுக்கு இந்த மாதிரி மரமெல்லாம் மறக்காது."

ஜட்ஜ் கண்ணை மூடினார். அப்போது காடு, இப்போது மேய்ச்சல் நிலம், ஓடைகூடக் கொஞ்சம் நகர்ந்துவிட்டது, என்றெல்லாம் மனசு வக்கீல் வேலை பார்த்தது. ஆனால் கை வேறு சொன்னது. அந்தச் சாய்வு. வலது கைக்காரன் வெட்டினால் தழும்பு ஒரு பக்கம் சாயும், இடது கைக்காரன் வெட்டினால் மறு பக்கம். புதன்கிழமை தடவும்போதே விரலுக்கு ஏதோ பழக்கமான மாதிரி இருந்தது. தன் அனுபவம்தான் பேசுகிறது என்று நினைத்துக்கொண்டார். உண்மையும் அதுதான்.

"இப்ப என்ன பண்றது?" என்றாள் கெசையா.

"நாளைக்குக் கையெழுத்துப் போடற வரைக்கும்தான் அந்தத் தீர்ப்பு எங்கிட்ட. போட்டுட்டா என்னால தொட முடியாது. மேல்கோர்ட்தான்."

"மேல்கோர்ட்ல மாத்திருவாங்களா?"

"மாட்டாங்க. அவங்க காகிதத்தத்தான் பாப்பாங்க. காகிதத்துல எல்லாம் சரியா இருக்கு. ஜட்ஜ் நேர்ல போய்ப் பாத்தாரு, மரம் தெரிஞ்சவரு, முடிவு பண்ணாரு. ஒருத்தனும் குத்தம் சொல்ல முடியாது." சொல்லும்போதே அவருக்குத் தன்மேல் கொஞ்சம் மரியாதை கூடத்தான் செய்தது. எவ்வளவு கெட்டியான தீர்ப்பு.

பேசாமல் இருந்துவிட்டால் ஒரு தீர்ப்பும் மாறாத ஜட்ஜாகவே இன்னும் மூன்று வாரத்தில் தேர்தலுக்குப் போகலாம். வாயைத் திறந்தால், தாடியஸ் ரூக் அந்தத் தேன் குரலில் ஐந்து மாவட்டமும் பாடுவான். கெசையா வெண்ணெய்க் கிண்ணத்தை அவர் பக்கம் தள்ளினாள். டாம்சின் வீட்டு வெண்ணெய்.

"நல்லா தடவிச் சாப்பிடுங்க. அடுத்த மாசத்துலேர்ந்து வேற யார்கிட்டயாவது வாங்கணும்."

சனிக்கிழமை விடிந்ததும் ஜட்ஜ் கோடாலியைச் சேணத்தில் கட்டிக்கொண்டு கிளம்பினார். மேப்பிள் மரத்தின் உதட்டுப் பட்டையை வெட்டித் திறந்தார். உள்ளே கறுத்துப் போன ஒரு ஆழமான வெட்டு. எழுத்து என்று ஒரு கீறல் கிடையாது. அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது பின்னால் துப்பாக்கியின் கொக்கியை இழுக்கும் சத்தம்.

"யாருடா என் மரத்த வெட்டுறது?"

"நான்தான் ஜெரோட்."

ப்ளங்கெட் துப்பாக்கியை இறக்கினான். "ஜட்ஜய்யாவா? தீர்ப்புச் சொன்னதுக்கப்புறம் மரத்தையும் நீங்களே வெட்டுவீங்களா?"

"ஒன் மரமா இது?"

"வியாழக்கெழமையிலேர்ந்து."

"பத்து மணிக்குக் கோர்ட்டுக்கு வா. ஒன் வக்கீலையும் எழுப்பிக் கூட்டிட்டு வா" என்று சொல்லிவிட்டு ஜட்ஜ் குதிரை ஏறினார். வடக்கே, ப்ளங்கெட்டின் மேய்ச்சலுக்குள் அறுபது தப்படி தள்ளி இன்னொரு கிழட்டு மேப்பிள் நின்றதை அப்போதுதான் கவனித்தார். அதை அவர் தடவிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு வாரத்துக்கு ஒரு மரம் தடவினது போதும் என்று தோன்றியிருக்க வேண்டும்.

கோர்ட் கிளார்க் ஓபத் ஃபின்னி. ஊரில் எல்லாருக்கும் ஓபத் மாமா. அமர்வின் நடவடிக்கைகளை மூக்கால் வாசித்து முடித்து, பேனாவை மையில் தொட்டு நீட்டினார். ஜட்ஜ் வாங்கவில்லை. மை சொட்டியது.

"ஓபத் மாமா, அத கீழ வைங்க. வெல்ச், ப்ளங்கெட் கேஸ்ல ஒரு சாட்சி பாக்கி இருக்கு."

"யாரு?"

"நான்."

ஓபத் மாமா முப்பது வருஷம் கிளார்க்காக இருந்தவர். இது புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் வரும் என்று யோசித்தார். ஜட்ஜாகவும் உட்கார்ந்துகொண்டு தானே சாட்சியும் சொல்ல முடியாது. இதற்கு ஒரு வழக்கம் உண்டு. ஜட்ஜ் இறங்கிவிட்டால் வக்கீல்கள் தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுத்து அந்தக் கேஸுக்கு மட்டும் மேலே ஏற்றுவார்கள். பெலேக் ஸ்வேனை ஏற்றினார்கள். நாற்காலியில் உட்கார்ந்ததும் அவருக்குக் காது கொஞ்சம் கூடுதலாகக் கேட்டது போலிருந்தது.

"சாட்சி பேர் என்ன?"

"ஒங்களுக்குத் தெரியாதா பெலேக்?"

"ஆறு வருஷமா ஒரே கட்டில்ல படுக்கறேன், தெரியாம என்ன? எழுதறவருக்குச் சொல்லுங்க. அப்புறம் என்னை ஐயான்னு கூப்பிடுங்க."

லெமுவேல் சத்தியம் செய்து, நடந்ததைச் சொன்னார். சர்க்கரைச் சாறு, கோடாலி, காலையில் பட்டையைத் திறந்து பார்த்தது, எல்லாம். டாம்சின் கடைசிப் பெஞ்சில் மடியில் கையை வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். அவளுடைய வக்கீல் புது ஆள், வாயைத் திறந்தால் எங்கே காரியம் கெட்டுவிடுமோ என்று அவனும் அசையவில்லை.

தாடியஸ் ரூக் எழுந்தான். மஞ்சள் அரைக்கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"மிஸ்டர் கிராண்டல், இந்த வெட்டு ஒங்களுதுன்னு ஒங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"என் மனைவி சொன்னா."

"ஒருத்தர் சொல்லிக் கேட்டது சாட்சியாகுமா? ஆகாதுன்னு நீங்களே என் வாய எத்தன தடவ அடைச்சிருக்கீங்க?"

"நெறைய தடவ. சரியாத்தான் அடைச்சேன். ஆனா அவ சொன்னதும் எனக்கே ஞாபகம் வந்துச்சு. வெட்டு சாயற பக்கத்தப் பாருங்க. இடது கை வீச்சு."

"இண்டியானால இடது கைக்காரர் நீங்க ஒருத்தர்தானா?"

"அந்த மரத்துல அமாஸ் ப்ரூயிட்கிட்டத் திட்டு வாங்கினது நான் ஒருத்தன்தான்."

"சாறு எடுக்க ரெண்டு அங்குலம் போதும். இது ஒம்போது அங்குலம்னு சொல்றீங்க. மரம் வெட்டறதுல கெட்டிக்காரரு நீங்க. ஏன் அவ்வளவு ஆழம்?"

லெமுவேல் கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "நான் மரத்தப் பாக்கல."

"பின்ன எதப் பாத்தீங்க?"

பெலேக் ஸ்வேன்கூட முன்னால் சாய்ந்தார்.

"அமாஸ் ப்ரூயிட்டோட மகளை."

முதலில் சிரித்தது ஓபத் மாமா. அப்புறம் கோர்ட்டே குலுங்கியது. ரூக் அந்தச் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தான். நல்ல வக்கீல் அவன், அதை ஒத்துக்கொள்ள வேண்டும். ஜனங்கள் பக்கம் திரும்பி, "ஆக, பொண்ணப் பாத்தா மரம் தெரியாது. மரத்தப் பாத்தா தான் வெட்டின வெட்டே தெரியாது. இவருக்குத்தான் இன்னும் ஆறு வருஷம் குடுக்கணும்ங்கறாங்க" என்றான்.

"அது கேள்வியா?" என்றார் பெலேக்.

"இல்லைங்க ஐயா."

"அப்ப ஒக்காரு."

பெலேக் ஸ்வேன் வாழ்க்கையில் சொன்ன முதல் தீர்ப்பு அது. வியாழக்கிழமைத் தீர்ப்பு ரத்து. ஒரு சர்வேயர் இரண்டு தரப்பையும் வைத்துக்கொண்டு மற்ற மேப்பிளையும் வெட்டிப் பார்க்க வேண்டும். கேஸ் வசந்த அமர்வுக்கு. பிறகு அவர் இறங்கினார், லெமுவேல் ஏறினார். ஓபத் மாமா புதிதாக எழுதிய வரியை மூக்கால் வாசித்தார். ஜட்ஜ் கிராண்டலின் தீர்ப்பு தவறு என்று கண்டு தள்ளப்பட்டது. மாற்றியது மேல்கோர்ட் அல்ல, மாற்றியவர் காது மந்தமான பெலேக் என்பதில் கொஞ்சமாவது ஆறுதல் உண்டா என்று ஜட்ஜ் யோசித்துப் பார்த்தார். இல்லை. இடது கையால் கையெழுத்துப் போட்டார்.

வெளியே குதிரை கட்டும் இடத்தில் டாம்சின் காத்திருந்தாள். ஜட்ஜ் தொப்பியை எடுத்தார். நன்றி சொல்ல வருகிறாள், அடக்கமாக ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று முகத்தைத் தயார் செய்துகொண்டார்.

"ரெண்டு ராத்திரி தூங்கல ஜட்ஜ்," என்றாள் அவள். "எந்தப் பக்கம் படுக்கறதுன்னே தெரியல. பட்டையத் தெறந்து பாருங்கன்னு அந்தச் செவிட்டுக் கெழவரு அன்னிக்கே சொன்னாரு. அவருக்குக் கேக்கறது ஒங்களுக்குக் கேக்கல."

"தப்புதான் மிஸஸ் வெல்ச்."

"கெசையாகிட்டச் சொல்லுங்க, வெண்ணெய் செவ்வாக்கெழம குடுத்தனுப்பறேன்னு." சொல்லிவிட்டு வண்டியில் ஏறினாள். அவளுக்கு நன்றி சொல்வதெல்லாம் பழக்கம் இல்லை. வண்டிக் கதவு இருந்திருந்தால் அன்றைக்கு அறைந்து சாத்தியிருப்பாள்.

தேர்தலுக்கு மூன்று வாரம். ரூக் எங்கே போனாலும் மரத்தோடு போனான். விடுதியில், தானிய ஆலையில், சர்ச் வாசலில், அந்தக் கூண்டுக் காட்சியை இரண்டு குரலிலும் நடித்துக் காட்டினான். நன்றாகவே நடித்தான் என்று லெமுவேலின் சிநேகிதர்களே சொன்னார்கள். லெமுவேலுக்கு மேப்பிள் ஜட்ஜ் என்று பெயர் வந்தது. பெண்களுக்கு ஓட்டு இருந்திருந்தால் ஐந்து மாவட்டத்திலும் அவர்தான் ஜெயித்திருப்பார். இல்லையே. டாம்சினுடைய அண்ணன், தம்பி இரண்டு பேரும் ரூக்குக்குத்தான் போட்டார்கள். அக்காவின் ஊற்றைக் காப்பாற்றிக் கொடுத்தவருக்கு இப்படிச் செய்யலாமா என்று ஆலைக்காரர் தம்பியைக் கேட்டார்.

"தப்புப் பண்ற ஜட்ஜ் நமக்கு எதுக்கு?" என்றான் தம்பி.

"அவரே ஒத்துக்கிட்டாரேப்பா."

"ஒத்துக்கிட்டதாலதான தப்புன்னே நமக்குத் தெரிஞ்சுது. ரூக்கு இதுவரைக்கும் ஒரு தப்பையும் ஒத்துக்கிட்டதில்ல."

பத்தொன்பது ஓட்டில் லெமுவேல் தோற்றார்.

நவம்பரில் சர்வேயர் வந்து மற்ற மேப்பிளை வெட்டினார். பட்டை ஒரு பலகை மாதிரி கழன்று வந்தது. மரத்தில் எழுத்து, கழன்ற பட்டையின் உட்புறத்தில் அதே எழுத்து கண்ணாடியில் பார்ப்பது போல இடம்வலம் மாறி. எல்லை அறுபது தப்படி வடக்கே போனது. டாம்சினின் கட்டில், அடுப்பு, ஊற்று, கொட்டகை எல்லாம் ஒரே பக்கம் சேர்ந்தன. அதோடு ப்ளங்கெட் இத்தனை நாள் மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு துண்டு நிலமும் அவள் பக்கம் வந்து சேர்ந்தது. கேஸ் போடாமல் இருந்திருந்தால் அது அவனிடமே இருந்திருக்கும்.

லெமுவேல் அதற்கப்புறம் ஜட்ஜாகவில்லை, நிற்கவும் இல்லை. ஆனால் எழுபத்தொன்பது வயதில் சாகும்வரை ஊர் அவரை ஜட்ஜ் என்றுதான் கூப்பிட்டது. ஜட்ஜாக இருந்த ரூக்கை ஊர் தாடியஸ் என்று கூப்பிட்டது. ஏன் என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது.

பதவி போன அந்த ஜனவரியில், கோர்ட்டுக்கு எதிரே தையல்காரன் கடை மாடியில் வக்கீல் அறை எடுத்தார். கெசையா ஒரு மேஜையும் இரண்டு நாற்காலியும் அனுப்பினாள். இரண்டாவது நாற்காலி எதற்கு, யார் வரப்போகிறார்கள் என்றார் லெமுவேல். ஒன்பது நாள் யாரும் வரவில்லை. பத்தாவது நாள் படியில் கனமான பூட்ஸ் சத்தம். கதவைத் திறந்துகொண்டு நின்றது ஜெரோட் ப்ளங்கெட்.

லெமுவேல் முதலில் அவன் கையில் துப்பாக்கி இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. தொப்பிதான் இருந்தது.

"ஒரு கேஸ் இருக்கு ஜட்ஜ். என் மச்சினன் வேலியத் தள்ளிப் போட்டுட்டான்."

"என்கிட்டயா வந்த ஜெரோட்? என்னாலதான் ஒனக்கு ஊத்து போச்சு, நெலமும் போச்சு."

"அதான் வந்தேன்." ப்ளங்கெட் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அது முனகியது. "எனக்கு எதிரா நீங்க நின்னப்ப ஒருத்தனாலயும் ஒங்கள அசைக்க முடியல. பதவி போகும்னு தெரிஞ்சும் நீங்க அசையலயே. என் பக்கம் நின்னா நல்லாருக்கும்னு என் பொண்டாட்டி சொன்னா."

லெமுவேல் இடது கையால் ஒரு காகிதத்தை எடுத்து வைத்தார். "சரி, சொல்லு. ஒண்ணு மட்டும். வேலி தள்ளின எடம் நெஜமாவே ஒன்னோடதுதானா?"

ப்ளங்கெட் ஜன்னலைப் பார்த்தான், தொப்பியைப் பார்த்தான், பெருமூச்சு விட்டான்.

"பாதி."

"அப்ப பாதியிலேர்ந்து ஆரம்பி" என்று பேனாவை மையில் தொட்டார் லெமுவேல்.